ஆடும் பல்லும் அரிக்கும் கரையும்

தமிழ் எழுத்துக்கள் எங்ஙனம் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்னும் இயலில் விளக்குகிறார். நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழுதட்டோடு இயையும்போது வகரம் பிறக்கும் என்பது அவர் காட்டும் முறை. 'திருவாரூர்' என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதலெழுத்துக்கே பல் வேண்டும். அடுத்து வரும் வகரத்துக்கும் பல் வேண்டும். மேல்வரிசை முன்பற்களை இழந்த ஒருவர் தம் ஊர்ப்பெயரைக்கூடத் திருத்தமாகச் சொல்ல இயலாது. 'பல் போனால் சொல் போயிற்று' என்று நம் மக்கள் கூறுவது வெறும் அலங்காரப் பேச்சன்று. இலக்கணம் ஒப்புக்கொண்ட உண்மை.

நான் திருவாரூரில் பல் மருத்துவம் செய்து வருபவன். நாற்பது வயதைக் கடந்து என்னிடம் வருவோரில் பலர், நாற்காலியில் அமர்ந்ததும் சொல்லுவது ஒன்றே: "டாக்டர் ஐயா, பல் ஆடுகிறது, எடுத்துவிடுங்கள்." பார்த்தால் பல்லில் சொத்தை இராது, பெரிய வலியும் இராது. "வயதானால் பல் விழத்தானே செய்யும்?" என்று அவர்களே விடையும் கூறிவிடுவார்கள். மயிர் நரைப்பது போலப் பல் விழுவதும் முதுமையின் இயற்கை என்பது அவர்கள் நம்பிக்கை. ஆடுகின்ற பல்லை எடுத்துத்தான் ஆகவேண்டுமா, அதை நிறுத்தி வைக்க வழி உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பல் எவ்வாறு நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளுவோம். சுவரில் அறைந்த ஆணி போலப் பல்லும் எலும்பில் அறையப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்பின் குழிக்கும் இடையே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் ஒருபுறம் வேரையும் மறுபுறம் எலும்பையும் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஊஞ்சற்பலகையைச் சங்கிலிகள் தாங்குவது போல இந்நார்கள் பல்லைத் தாங்குகின்றன. நாம் மெல்லும் விசை முழுவதையும் அவை வாங்கிக்கொள்ளுகின்றன. தாங்குவதோடு அவற்றின் பணி முடிவதில்லை. நார்களுக்கிடையே உணர்வு நரம்புகளும் உள்ளன. சோற்றில் ஒரு சிறு கல் கிடந்தால், முழுவிசையோடு கடிப்பதற்கு முன்பே நாம் சட்டென்று நிறுத்திவிடுகிறோம் அல்லவா? அந்த எச்சரிக்கையை அனுப்புபவை இந்த நரம்புகளே. நெல் விளையும் நாட்டில் பிறந்த நமக்கு இவற்றின் அருமை நன்கு விளங்கும்.

இனி நோயின் வரலாற்றைக் காண்போம். பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள் அதன்மேல் நுண்ணுயிர்கள் கூடி ஒரு மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நாவால் தடவினால் வழவழப்பாகத் தோன்றும். நாள்தோறும் இதைத் துடைத்து நீக்கினால் தீங்கில்லை. நீக்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்து இதில் ஏறி இறுகிக் காரையாகிவிடுகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் காரை மிகுதியாகப் படியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாயில்கள் அவ்விடங்களுக்கு அருகில் இருப்பதே காரணம். காரையின் கரடுமுரடான மேற்பரப்பில் மேலும் மேலும் படலம் சேரும். ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். இது முதல் நிலை. இந்த நிலையில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நலத்தை முற்றும் அடைந்துவிடும்.

இதை ஒரு சோதனையாலேயே நிறுவிக் காட்டினர். 1965ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில், ஹாரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவரும் நல்ல ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் உங்களைப் போன்ற மாணவர்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அழற்சி மறைந்தது. ஈற்று நோயின் தொடக்கம் விதியாலும் அன்று, வயதாலும் அன்று, படிந்த படலத்தால்தான் என்பதை அந்தச் சோதனை ஐயமற விளக்கிவிட்டது.

முதல் நிலையைக் கவனியாது விட்டால் நிகழ்வது யாது? படலம் ஈற்றின் விளிம்பைக் கடந்து கீழே இறங்குகிறது. அதை எதிர்த்து உடல் போரிடுகிறது. அந்தப் போரில் நம் உடலின் சொந்த அழற்சியே நார்களையும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பை உண்டாகிறது. பைக்குள்ளும் காரை படிகிறது. எலும்பு மேலும் இறங்குகிறது. எங்கள் ஊரின் ஊடே ஓடம்போக்கி ஆறு செல்கிறது. கரையோரத்து மரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் நீர் கரையை அரிக்கிறது. வேர்கள் வெளியே தெரிகின்றன. ஒருநாள் மரம் சாய்கிறது. மரத்தின் தண்டிலோ கிளையிலோ குற்றம் ஒன்றும் இல்லை. அதன் வேரைப் பற்றியிருந்த மண்தான் போயிற்று. முற்றிய ஈற்று நோயில் பல்லின் நிலையும் அதுவே. நோய் பல்லுக்கு அன்று. பல் நிற்கும் கரைக்கு. ஆகையால் நாம் கேட்கவேண்டிய கேள்வி, 'இந்த மரத்தை எப்போது வெட்டுவது?' என்பதன்று, 'எஞ்சியிருக்கும் கரையை எவ்வாறு காப்பது?' என்பதே.

இந்த நோய் மனிதரிடத்தில் தன் போக்கில் விடப்பட்டால் எங்ஙனம் முற்றும் என்பதை உலகம் அறிந்துகொண்டது யாரிடமிருந்து தெரியுமா? நம் தமிழ் மக்களிடமிருந்துதான். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை முதலிய சீமைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இலங்கையின் மலைநாட்டில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1970ஆம் ஆண்டில் லோவும் அவர்தம் குழுவினரும் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். அத்தொழிலாளர்களுட் சிலருக்கு அப்போது 14 வயதுதான். அவர்களுக்குப் பல் மருத்துவ வசதி இல்லை. பல் துலக்கும் பழக்கமும் இல்லை. ஆயினும் பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லை. எனவே அவர்கள் பல்லை இழந்தால், அது ஈற்று நோயாலேயே இழந்ததாகும். 1985ஆம் ஆண்டுவரை குழுவினர் பலமுறை திரும்பிச் சென்று, ஒவ்வொரு பல்லும் எவ்வளவு பிடிப்பை இழந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்துவந்தனர்.

அவர்கள் கண்ட முடிவு மருத்துவ நூல்களில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. அத்தொழிலாளர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாக முற்றியது; 81 பேருக்கு நடுத்தரமான வேகத்தில் சென்றது; எஞ்சிய 11 பேருக்கு ஈற்று விளிம்பைத் தாண்டி நோய் செல்லவேயில்லை. 45 வயதை எட்டியபோது விரைவாக முற்றிய கூட்டத்தார் சராசரியாக 13 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தனர். பல்லின் வேரே ஏறத்தாழ அவ்வளவு நீளந்தான். நடுத்தரக் கூட்டத்தார் 7 மில்லிமீட்டர் இழந்திருந்தனர். இதே ஆராய்ச்சியில் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் நல்ல பல் மருத்துவக் கவனிப்போடு வளர்ந்த படித்த ஆடவரையும் அளந்தனர். நாற்பது வயதை நெருங்கியபோது, ஆஸ்லோவில் இழப்பு சராசரி ஒன்றரை மில்லிமீட்டர். மலைநாட்டுத் தோட்டத்தில் நாலரை மில்லிமீட்டர்.

இந்த எண்களிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. எல்லா உடலும் ஒருபடித்தன்று என்பது முதலாவது. ஒரே தோட்டத்தில், ஒரே உணவை உண்டு, ஒரே அளவு கவனக்குறைவோடு வாழ்ந்தவருள் நூற்றில் பதினொருவர் தப்பினர். எண்மர் விரைவில் அழிவைக் கண்டனர். 'என் பாட்டனார் பல்லே துலக்கியதில்லை. எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்' என்று சொல்லுபவர் உண்டு. அவர் அந்தப் பதினொருவருள் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அவ்வாறே இருப்பான் என்பதற்கு உறுதி ஏது? கவனிப்பு இருந்தால் இழப்பு பெரிதும் குறையும் என்பது இரண்டாவது பாடம். 2010ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மீண்டும் மலைநாட்டுக்குச் சென்று, பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டு பரிசோதித்தனர். முப்பது வயதில் இழப்பு இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றவர்களுக்கே, அறுபது வயதிலும் இருபது பற்களாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகுதி என்று அவர்கள் கண்டனர். முப்பதுக்கு முன்பு செய்யும் காவலே அறுபதில் பயன் தருகிறது. மாணவர்களாகிய உங்களிடம் இதைப் பேச வந்ததற்குக் காரணமும் அதுவே. பல் துலக்கியும் பல் மருத்துவரும் எட்டாத நம் மக்களின் வாயிலிருந்து கிடைத்த அறிவு, உலகத்தின் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாகியிருக்கிறது. அந்த அறிவின் பயன் நம்மவருக்கும் கிட்டவேண்டாமா?

இனிச் சிகிச்சைக்கு வருவோம். நோய் முற்றிவிட்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது, அளக்கவேண்டும். மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கருவி ஒன்றை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்போம். 3 மில்லிமீட்டர்வரை நலம். 4, 5 என்றால் நோய் உண்டு. 6க்கு மேல் என்றால் ஆழமான பை. எக்ஸ்ரே படம் எடுத்தால் எலும்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்பது தெரியும். பல் எவ்வாறு ஆடுகிறது என்பதையும் பார்ப்போம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் நம்பிக்கைக்கு இடமுண்டு. அழுத்தும்போது குழிக்குள் மேலும் கீழும் அமுங்கி எழுந்தால், நிலைமை பெரும்பாலும் கைமீறிவிட்டது என்று பொருள்.

சிகிச்சையின் முதற்படி நோயாளியின் கையில் இருக்கிறது. பல்லிடுக்குகளையும் சேர்த்துத் துலக்கக் கற்றல், புகையிலையை விடுதல், சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை அதில் அடங்கும். புகைபிடிப்பவருக்கு ஈற்றில் இரத்தம் கசிவது குறைந்துவிடும். நோய் இல்லை என்று அவர் ஏமாந்துபோவார். உள்ளே எலும்பு மற்றவரைவிட விரைவாகக் கரைந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய் ஈற்று நோயை வளர்க்கிறது; ஈற்று நோயும் சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. ஈற்றைச் சரிப்படுத்தினால் இரத்தச் சர்க்கரையின் அளவு சிறிது குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாம் படி, ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை நீக்கி வேரின் பரப்பைத் தூய்மை செய்தல். ஆழமான இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வோம். இரண்டு முதல் நான்கு முறை வரவேண்டியிருக்கலாம். இதற்குப் பின் இரண்டு மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் அளந்து பார்ப்போம். வீக்கம் வடிந்து, ஈறு இறுகி, ஐந்து மில்லிமீட்டர்ப் பை மூன்றாகச் சுருங்கியிருப்பதைப் பலரிடம் காணலாம். ஆடிய பல்லும் ஆட்டம் குறைந்து நிற்கும். முற்றிய நோயினரிலும் பல பற்களுக்கு இந்த அளவே போதுமானது.

மூன்றாம் படி அறுவைச் சிகிச்சை. ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பைகள் எஞ்சினால், கருவி ஆழத்தை எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஈற்றை ஒரு மடல் போலத் திறந்து, வேரை நேரே பார்த்துத் தூய்மை செய்து, மீண்டும் மூடித் தைத்துவிடுவோம். எலும்பு சுற்றிலும் சமமாக இறங்கியிருந்தால் அதைத் திரும்ப வளர்க்க இயலாது. பல்லை ஒட்டிக் குறுகிய பள்ளமாக ஒருபக்கம் மட்டும் கரைந்திருந்தால், அந்தப் பள்ளத்தில் எலும்புத் தூளை இட்டும், மெல்லிய சவ்வால் மூடியும், இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். பல வேர்களையுடைய கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் மட்டும் கெட்டிருந்தால், அதை மட்டும் அறுத்து நீக்கி மற்ற வேர்களைக் காப்பதும் உண்டு. நோய் அடங்கிய பின்னும் ஆடும் பற்களை, மெல்லிய இழையாலும் பிசினாலும் பக்கத்துப் பற்களோடு உட்புறமாகப் பிணைத்து நிறுத்தலாம். பிணைப்பு நோயைத் தீர்க்காது, மெல்லுவதற்குத் துணை செய்யும், அவ்வளவே.

இப்படியெல்லாம் செய்தால் பற்கள் எத்தனை காலம் நிற்கும்? அமெரிக்காவில் ஹெர்ஷ்ஃபெல்ட், வாசர்மன் என்னும் இருவர் தாங்கள் சிகிச்சை செய்த 600 நோயாளிகளின் வரலாற்றை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நோயினர். சராசரியாக 22 ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். தொடக்கத்தில் இருந்த 15,666 பற்களில் ஈற்று நோயால் இழந்தவை 1,110. அதாவது நூற்றுக்கு ஏழு. அவற்றுள் 2,139 பற்கள் முதலிலேயே 'நிலைக்குமோ நிலைக்காதோ' என்று ஐயுறப்பட்டவை. அந்த ஐயத்திற்குரிய பற்களிலும் 22 ஆண்டில் போனவை 666 மட்டுமே. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நின்றுவிட்டன. முதல் நாளே அவற்றை எடுத்திருந்தால் அத்தனையும் வீண் இழப்பாக அன்றோ முடிந்திருக்கும்? ஆனால் இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். அந்த அறுநூறு பேரில் ஏறக்குறைய 25 பேர், எவ்வளவு செய்தும், பத்தோ அதற்கு மேலோ பற்களை இழந்தனர். மருத்துவம் எல்லோரையும் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோரைக் காக்கும் என்பதே உண்மை.

எங்கள் பக்கத்தில் நாகசுர வாத்தியம் வாழ்க்கையோடு ஒன்றியது. சீவாளியை உதடுகள் பற்றும். உதடுகளுக்குப் பின்னின்று பற்கள் தாங்கும். ஐம்பது வயதை ஒட்டிய நாகசுரக் கலைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கீழ் முன்பற்கள் பக்கவாட்டில் ஆடின. கடைவாய்ப் பல் ஒன்று அழுத்தினால் அமுங்கியது. ஈற்றில் அடிக்கடி சீழ்க்கட்டி எழுந்து உடைவதாகச் சொன்னார். வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். "தம்பி, கல்யாண சீசன் வருகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக்கொடு, வாசித்தாக வேண்டும்" என்றார். "ஐயா, பல்செட்டை வைத்துக்கொண்டு சீவாளி பிடித்துப் பழக எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் எனக்குத் தாருங்கள்" என்றேன். சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வந்தமையால் முதலில் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது அன்றுதான் தெரியவந்தது. கடைவாய்ப் பல்லைக் காக்க வழியில்லை, அதை எடுத்தோம். மற்றவற்றைத் தூய்மை செய்தோம். அவர் புகையிலையை விட்டார்; அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மூன்று மாதத்தில் பைகள் சுருங்கின. முன்பற்களை இழையால் பிணைத்தோம். அவர் இன்றும் தம் சொந்தப் பற்களோடு வாசிக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துபோகிறார்.

மக்களிடையே சில தவறான எண்ணங்கள் உள்ளன. 'காரையை எடுத்தால் பல் ஆட்டம் கொடுத்துவிடும்' என்பது அவற்றுள் ஒன்று. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றிக் காரை ஒரு பொய்க்கட்டுப் போலச் சூழ்ந்திருக்கும். அதை நீக்கியதும், முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளிப்படுகின்றன. அவற்றை உண்டாக்கியது சிகிச்சையன்று, நோய். காரை இருக்கும்வரை ஈறு ஆறாது. மற்றொன்று, உமிக்கரியால் அழுத்தித் தேய்த்தால் ஈறு உறுதிப்படும் என்பது. நெல் உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலின் இனத்தது. ஈறு இறங்கி வெளிப்பட்ட வேர் மென்மையானது. அதை இது தேய்த்துக் குழியாக்கிவிடும். வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கி மெதுவாகத் துலக்குவதில் தவறில்லை. ஆயினும் அது பல்லிடுக்குக்குள் புகாது. முற்றிய நோயை எந்தப் பற்பசையும், எந்தத் தைலமும், எந்த மாத்திரையும் தனித்து நின்று தீர்ப்பதில்லை. வேரின்மேல் இறுகிய காரையைக் கருவியால்தான் எடுக்கமுடியும்.

"ஏன் இத்தனை தொல்லை? பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமே" என்று படித்தவர் சிலர் கேட்கின்றனர். டைட்டானியம் உலோகத்தால் ஆன செயற்கை வேரை எலும்பில் பதிக்கும் இம்முறையை, ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரானெமார்க் 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். பல்லை இழந்தவருக்கு அது பெரிய வரம், அதில் ஐயமில்லை. ஆனால் அது எலும்போடு நேரே ஒட்டி நிற்பது. அதைச் சுற்றித் தாங்கும் நார் இல்லை. சோற்றுக் கல்லை நுட்பமாக அறிவிக்கும் உணர்வும் இல்லை. மேலும், பல்லைச் சுற்றி எலும்பைக் கரைத்த அதே வகைப் படலம் செயற்கை வேரைச் சுற்றியும் கரைக்கும். ஈற்று நோயால் பல்லை இழந்தவருக்கு அந்த ஆபத்து மற்றவரைவிட அதிகம். பழைய நோயை அடக்காமல் புதிய வேரைப் பதிப்பது, அரிக்கும் கரையில் வேறொரு மரத்தை நடுவது போலாகும். அறவே காக்கமுடியாத பல்லை எடுக்கத்தான் வேண்டும். அதன்பின் செயற்கை வேரோ, பாலமோ, கழற்றி மாட்டும் பல்செட்டோ நோயாளியின் நிலைக்கு ஏற்பத் தேரலாம். அது கடைசி வழியே அன்றி முதல் வழியன்று.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் மாதம் 12ஆம் நாள் அணை திறப்பது வழக்கம். அதற்கு முன் கோடையிலேயே ஆறும் வாய்க்காலும் தூர்வாரப்படவேண்டும். இன்றேல் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேராது. 'சென்ற ஆண்டு தூர்வாரினோமே, இனி எதற்கு?' என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. வண்டல் ஆண்டுதோறும் வரும் என்பதை அவர் அறிவார். வாயிலும் படலம் நாள்தோறும் வருகிறது. முற்றிய ஈற்று நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வந்து பார்த்துச் சுத்தம் செய்துகொள்ளவேண்டும். நான் மேலே கூறிய அமெரிக்க நோயாளிகளும் சிகிச்சைக்குப் பின் ஒழுங்காகத் திரும்ப வந்து கவனித்துக்கொண்டவர்களே. சிகிச்சை பெற்றுவிட்டுப் பின் வராமல் நின்றவருக்கு நோய் திரும்புவதை ஒவ்வொரு பல் மருத்துவரும் கண்டிருக்கிறார்.

செலவை நினைத்துத் தயங்குவோர் உண்டு. அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவிலேயே காரை நீக்கிக்கொள்ளலாம். திருவாரூரில் 2010ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இயங்கி வருகின்றன. ஈற்றைத் திறந்து செய்யும் நுண்ணிய அறுவைக்குப் பல் மருத்துவக் கல்லூரியை நாடலாம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 2023ஆம் ஆண்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இருக்கும் பல்லைக் காக்க ஆகும் செலவு, இழந்த பல்லை ஈடுசெய்ய ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவே.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவன சிலவே. காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம், ஈற்று விளிம்போடு சேர்த்து மென்மையாகத் துலக்குங்கள். இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். கசிவு மேலும் துலக்கு என்று ஈறு தரும் செய்தி. ஒரு வாரத்தில் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலையையும் பாக்கையும் தொடாதீர்கள். பாக்குத் தனியாகவே வாய்ப் புற்றை விளைவிக்க வல்லது.

இவை உங்களுக்காக. இன்னொன்று உங்கள் இல்லத்துப் பெரியோர்க்காக. நம் வீடுகளில் தாயும் தந்தையும் தம் வாயில் உள்ள குறையைப் பிள்ளைகளிடம் சொல்லுவதில்லை. கடினமானதை மெல்ல ஒதுக்குவார்கள். சோற்றைக் குழையப் பிசைவார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடுவார்கள். இவற்றைக் கண்டால் கேளுங்கள். பல் ஆடுகிறது என்றால், பிடுங்குவதற்கு அன்றி, அளந்து பார்ப்பதற்காக மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். "எத்தனை மில்லிமீட்டர்? எந்தப் பற்களைக் காக்கமுடியும்?" என்று நீங்களே கேளுங்கள். படித்த பிள்ளை கேட்கும் அந்த ஒரு கேள்வியால், எடுக்கப்பட இருந்த பல பற்கள் நிற்கக்கூடும்.